பழைய லெப்டொப்புக்கும் நெட் வரும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கிளம்பும் இரட்டைத் தண்டவாளம் ரம்புக்கனையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒற்றைப் பாதை. கடுகண்ணாவ மலையேற்றம் அங்கிருந்துதான் ஆரம்பம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, சமவெளி முடிந்து மலை தொடங்கும் வாசலாகவே இந்த ஊர் இருந்து வருகிறது. கைபேசிச் சிக்னலுக்கும் ஏறக்குறைய அதே எல்லைதான். புகையிரத நிலையத்தைச் சுற்றிய கடைத்தெருவில் நெட் ஓடும். இறப்பர்த் தோட்டத்துப் பாதையில் சில வளைவுகள் ஏறி, மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் சிக்னல் மெலியும். தகரக் கூரை போட்ட லயத்துக்குள் நுழைந்தால் இன்னும் மெலியும்.

அந்த லயங்களிலும் இன்று லெப்டொப் இருக்கிறது. பெரும்பாலும் புதியதல்ல. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் கைமாற்றி அனுப்பியது, சித்தப்பா வீட்டுப் பிள்ளை படித்து முடித்துக் கொடுத்தது, நகரத்துக் கடையில் இரண்டாம் கையாக வாங்கியது என்று எப்படியோ வந்து சேர்ந்தவை. 2022இல் டொலரின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாயைத் தொட்ட பிறகு, புது லெப்டொப் என்ற பேச்சையே பல குடும்பங்கள் விட்டுவிட்டன. ஆனால் தேவை குறையவில்லை. பரீட்சைப் பெறுபேறு நெட்டில் வருகிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பம் நெட்டில் போகிறது, கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ பாடங்கள் தமிழிலும் நெட்டில்தான் இருக்கின்றன. கணினி அறிவைப் பற்றி அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கெடுக்கும்போதெல்லாம் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவில் தோட்டமே கடைசியில் நிற்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்க உயர்தரம் படிக்கும் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே கருவி இந்தப் பழைய லெப்டொப்.

“அண்ணே, இதுல வைஃபை காட்டவே மாட்டேங்குது” என்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “பழசாப் போச்சுப்பா, புதுசு ஒன்னு பாருங்க” என்ற பதில் எளிதில் கிடைத்துவிடும். பெரும்பாலான சமயம் அந்தப் பதில் தவறு. வயதானதால் லெப்டொப்பின் வைஃபை செத்துப்போவது அபூர்வம். சின்னச் சின்னக் காரணங்கள்தான் அதிகம். அவற்றில் பலவற்றைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

அதற்கு முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நெட் லெப்டொப்புக்கு வந்து சேர இரண்டு தாவல் தாவுகிறது. எங்கோ நிற்கும் கோபுரத்திலிருந்து வீட்டு ரவுட்டருக்கோ போனுக்கோ வருவது முதல் தாவல். அங்கிருந்து லெப்டொப்புக்கு வருவது இரண்டாவது. வைஃபை என்பது இந்த இரண்டாவது தாவல் மட்டும்தான். லெப்டொப்பின் மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும்போதும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்: இரண்டாவது தாவல் நன்றாக இருக்கிறது, முதல் தாவல் அறுந்து கிடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். அதே ரவுட்டரில் ஒரு போனை இணைத்து, போனின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். போனிலும் நெட் இல்லையென்றால் லெப்டொப்மீது பழி போடவேண்டாம்.

வேகக் கணக்கும் இதையே சொல்கிறது. 2003இல் வந்த ‘ஜி’ வகை வைஃபை காகிதத்தில் விநாடிக்கு 54 மெகாபிட் கடத்தும். நடைமுறையில் 20 மெகாபிட் அளவு கிடைக்கும். 2009இல் தரப்படுத்தப்பட்ட ‘என்’ வகை, ஒரே அன்டெனாவோடுகூட காகிதத்தில் 150 மெகாபிட் வரை போகும். ஸூம் வகுப்பு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று மெகாபிட் இருந்தால் தாராளம். ஆகவே இருபது வருடப் பழைய வைஃபை அட்டைகூட வகுப்புக்குப் போதும். மலைச்சரிவில் 4ஜி சிக்னல் கொண்டுவந்து தரும் வேகத்தைவிட அந்தப் பழைய அட்டையின் வேகம் பெரும்பாலும் அதிகம். முட்டுக்கட்டை கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும்போது லெப்டொப்பை மாற்றி என்ன பயன்?

கம்பியில்லாத் தொடர்பு பிறந்ததே கம்பி இழுக்க முடியாத இடத்தில்தான். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழு, கடலும் எரிமலைகளும் பிரித்துவைத்த தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி அலை வழியாக இணைத்தது. அலோஹாநெட் என்று அதற்குப் பெயர். இன்றைய வைஃபையின் மூதாதை அதுதான். 1997இல் முதல் வைஃபை தரம் வந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் ‘சென்ட்ரினோ’ என்ற பெயரில் வைஃபையையும் சேர்த்தே லெப்டொப் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. அதன் பிறகு வைஃபை இல்லாத லெப்டொப்பைக் காண்பதே அரிதாகிவிட்டது. தோட்டத்துக்கு வந்து சேரும் எந்தப் பழைய லெப்டொப்பிலும் அது உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதல் தாவலில் லயத்து வீட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கூரை. உலோகத் தகட்டை வானொலி அலை ஊடுருவாது, திருப்பி அடித்துவிடும். தகரக் கூரையும் தடித்த கல்சுவரும் சின்ன ஜன்னலுமாக இருக்கும் லயக் காம்பராவுக்குள் ரவுட்டரை அலுமாரிமேல் அழகாக வைத்தால், அதற்குக் கோபுரம் தெரியாது. கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம்தான் அதற்குச் சரியான இடம். இன்னொன்று இலை. இறப்பர்க் காடு பச்சைப் பசேலென்று நிற்கும் மாதங்களில், அதிலும் மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது, சிக்னலின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் தடை குறையும். அந்த மாதங்களில் நன்றாக வந்த நெட் பிறகு மந்தமானால், கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே ஒரு முறை பார்ப்பது நல்லது.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், எண் இருக்கிறது. ரவுட்டருடன் இணைந்த போனிலோ லெப்டொப்பிலோ உலாவியைத் திறந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (அநேகமாக 192.168 என்று தொடங்கும்) தட்டினால் அதன் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அங்கே ‘ஆர்எஸ்ஆர்பி’ என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். 4ஜி சிக்னலின் உண்மையான பலம் அதுதான். மைனஸ் 80ஐ ஒட்டி இருந்தால் மிக நல்லது. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115, 120 என்றால் வீடியோ நிற்கும். ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல், வாசல், திண்ணை என்று ஒவ்வோர் இடமாக வைத்து இந்த எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால், ஓர் அரை மணி நேரத்தில் வீட்டின் சிறந்த இடம் தெரிந்துவிடும். ரவுட்டரில் வெளி அன்டெனா மாட்டும் துளை இருந்தால், கூரைக்கு மேலே ஓர் அன்டெனா நட்டு வயரை உள்ளே இறக்குவது தகரத்தைத் தாண்டும் உறுதியான வழி.

இனி இரண்டாவது தாவலுக்கு வரலாம். வைஃபை பட்டியலே காட்டாத லெப்டொப்பில் முதலில் பார்க்கவேண்டியது அதன் விளிம்பு. 2005க்கும் 2012க்கும் இடையில் வந்த பல லெப்டொப்களில் வைஃபைக்கென்று தனியாக ஒரு சின்ன நகர்த்துச் சுவிட்ச் உண்டு. லெனோவோ திங்க்பேட் டி400, எக்ஸ்200 போன்றவற்றில் அது முன் விளிம்பில் ஒளிந்திருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது தானாக நகர்ந்து அணைந்துவிடும். வேறு பல மொடல்களில் விசைப்பலகையின் மேல்வரிசையில் அன்டெனாப் படம் போட்ட விசை இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அதை அமுக்கவேண்டும். நல்ல லெப்டொப்கள் பல இந்தச் சுவிட்ச் தெரியாமலே ஓரத்தில் போடப்பட்டிருக்கின்றன. சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்து விண்டோஸின் விமானப் பயண நிலை அணைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சுவிட்சும் சரி, இன்னும் பட்டியல் வரவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். வைஃபை அட்டையோடு விண்டோஸ் பேசுவதற்கான சிறு மென்பொருள்தான் டிரைவர். யாராவது விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தால் அது விடுபட்டுப்போயிருக்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் நிற்கும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் பயன்படுத்துவோர் குறைவு. அன்ட்ரொய்ட் போனை, சார்ஜ் ஏற்றும் அதே யூஎஸ்பி வயரால் லெப்டொப்பில் சொருகி, போனின் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைத் தொட்டால் போதும். வைஃபையே இல்லாமல் வயர் வழியாக லெப்டொப்புக்கு நெட் வரும். விண்டோஸ் 10உம் லினக்ஸும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். டிரைவரை லெப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அடியில் ஒட்டியிருக்கும் மொடல் எண்ணைக் கொடுத்து இறக்கிக்கொள்ளவேண்டும். ‘இலவச டிரைவர்’ என்று விளம்பரம் காட்டும் தளங்கள் பல, டிரைவரோடு வேண்டாத மென்பொருளையும் ஏற்றிவிடும். வைஃபை எதற்கும் மசியாத லெப்டொப்பில்கூட இந்த வயர் ஒன்றை வைத்தே ஒரு முழுத் தவணையையும் ஓட்டிவிடலாம்.

மற்ற வைஃபை எல்லாம் தெரிகிறது, தங்கையின் புதுப் போனில் போட்ட ஹொட்ஸ்பொட் மட்டும் தெரியவில்லை என்பது இன்னொரு வகை. குழப்பமாகத் தோன்றும், காரணம் மிக எளிது. வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசையில் இயங்குகிறது: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். மலிவான பழைய அட்டைகளுக்கு முதலாவது மட்டும்தான் கேட்கும். புதுப் போன்கள் வேகத்துக்காக 5ஐத் தேர்ந்துகொண்டால் பழைய லெப்டொப்பின் காதில் அது விழவே விழாது. போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் 2.4ஐத் தேர்ந்தெடுத்தால் பெயர் உடனே பட்டியலில் வந்து நிற்கும். ஐபோன் 12 முதலான ஐபோன்களில் ‘மேக்ஸிமைஸ் கொம்பாட்டிபிலிட்டி’ என்ற பொத்தான் இதே வேலையைச் செய்கிறது. தோட்டத்து வீட்டுக்கு 2.4தான் பொருத்தமும்கூட. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கல்சுவரைத் தாண்டும்போது வேகமாகத் தளர்ந்துவிடும்.

2.4க்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. அது 1 முதல் 13 வரை சனல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 11 வரையே வழக்கம் என்பதால், அந்தச் சந்தைக்கென்று செய்யப்பட்ட அட்டைகளுக்கு 12, 13ஆம் சனல்கள் தெரியாது. ரவுட்டர் தானாகவே 13ஆம் சனலுக்குத் தாவிய அன்று, அமெரிக்காவிலிருந்து வந்த லெப்டொப்பில் மட்டும் வைஃபை மாயமாகிவிடும். நேற்று வந்தது, இன்று இல்லை! ரவுட்டரின் பக்கத்தில் சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்தினால் இந்தக் கண்ணாமூச்சி நிற்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை என்பதால், வரிசை லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் ரவுட்டர் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளவும் உதவும்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் இணைய மறுக்கிறது என்றால் பாதுகாப்பு முறையில் சிக்கல் இருக்கலாம். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 முறையைப் பல பழைய அட்டைகளுக்குத் தெரியாது. ரவுட்டரிலோ போனிலோ 2004 முதல் புழங்கும் டபிள்யூபிஏ2ஐ, அல்லது இரண்டும் கலந்த முறையை வைத்தால் இணைந்துவிடும். அதற்கும் கீழே இறங்கக்கூடாது. டபிள்யூஈபி என்ற ஆதிகால முறையின் ஓட்டைகளை 2001இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அதைப் போட்டு வைப்பதும் கதவைத் திறந்து போடுவதும் ஒன்றுதான். ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு லெப்டொப் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு முரண்டு பிடிப்பதும் உண்டு. அந்தப் பெயரை ‘ஃபொர்கெட்’ செய்துவிட்டுப் புதிதாக இணைக்கவேண்டும்.

வைஃபைக்குச் சம்பந்தமே இல்லாமல் வைஃபைமீது பழி விழும் ஓர் இடமும் உண்டு. லெப்டொப்புக்குள் காசளவில் ஒரு சின்ன வட்ட பற்றரி இருக்கிறது. கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது தீர்ந்ததும், ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் லெப்டொப்பின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வங்கி, மின்னஞ்சல், பாடத் தளம் என எதைத் திறந்தாலும், அதன் அடையாளச் சான்றிதழின் காலத்தை லெப்டொப்பின் தேதியோடு ஒப்பிட்டுத்தான் உலாவி திறக்கிறது. தேதி பிழையென்றால் ‘இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். மூலையில் உள்ள தேதியைத் திருத்தினாலே பக்கங்கள் திறக்கும். பற்றரியை மாற்றினால் நிரந்தரத் தீர்வு. தேதி சரியாக இருந்தும் பல தளங்களில் இதே எச்சரிக்கை வருமானால், இயங்குதளமே பழசாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30ஆம் திகதி, உலகமெங்கும் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. அன்று பழைய கருவிகள் பலவற்றில் நல்ல தளங்களும் திறக்க மறுத்தன.

இவ்வளவும் பார்த்தபிறகுதான் வன்பொருளைத் தொடவேண்டும். ரம்புக்கனை இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தின் ஈரத்தில் தொடுமுனைகள் பச்சை பிடிப்பது சகஜம். மின்சாரத்தையும் பற்றரியையும் எடுத்துவிட்டு, அடி மூடியைத் திறந்து, வைஃபை அட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாலே சில லெப்டொப்கள் உயிர்பெற்றுவிடும். அட்டையில் இரண்டு மெல்லிய வயர்கள் கவ்வியிருக்கும். எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுவது புத்திசாலித்தனம். அந்த வயர்கள் கீல் வழியாக மேலேறி, திரையைச் சுற்றியுள்ள அன்டெனாவுக்குப் போகின்றன. மூடியை அசைக்கும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதென்றால் கீலருகே வயர் நைந்திருக்கிறது. புது அட்டை போட நினைப்பவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ளவேண்டும். லெனோவோ, எச்பி நிறுவனங்களின் பழைய மொடல்கள் பல, தாங்கள் அங்கீகரித்த அட்டையை மட்டுமே ஏற்கும். திங்க்பேட்டில் வேறு அட்டை போட்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி எழவே மறுக்கும்.

அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் யூஎஸ்பி வைஃபை டொங்கல் இருக்கிறது. பென் டிரைவ் அளவில் ஒரு குச்சி. சொருகினால் உள்ளே இருக்கும் அட்டையை மறந்துவிடலாம். பழைய யூஎஸ்பி 2 துளைகூட விநாடிக்கு 480 மெகாபிட் கடத்தும் என்பதால் வேகம் குறையுமோ என்ற கவலை தேவையில்லை. டொங்கலில் இன்னொரு வசதி உண்டு. ஐந்து மீட்டருக்கு மிகாத யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, அதன் நுனியில் டொங்கலை மாட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டால், பிள்ளை அறைக்குள் மேசையில் உட்கார்ந்தபடி, அடுத்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் ரவுட்டரைப் பிடிக்கலாம். வாங்கும்போது கடையில் கேட்கவேண்டிய கேள்வி அதன் வேகம் பற்றியதல்ல. இந்த லெப்டொப்பில் உள்ள விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ அது பொருந்துமா என்பதுதான்.

விண்டோஸ் என்றதும் நேரடியாகச் சொல்லவேண்டிய ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14இலும் மைக்ரோசொஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய லெப்டொப்களை ஏற்காது. எக்ஸ்பியோ 7ஓ ஓடும் லெப்டொப்பை நெட்டில் விட்டு, அதிலேயே வங்கிக் கணக்கையும் திறப்பது ஆபத்தான பழக்கம். மாற்று இலவசமாகவே இருக்கிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் சுகமாக ஓடும், 2 ஜிபியிலும் தள்ளாடியாவது ஓடும். தமிழில் தட்டச்சும் உண்டு. அதைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். எதையும் அழிக்காமல், வைஃபை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கலாம். இன்டெல், ஆதரோஸ் அட்டைகள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். புரொட்கொம் அட்டை என்றால் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, மேலே சொன்ன யூஎஸ்பி வயர் வழி நெட்டோடு, அதற்கான டிரைவரை ஏற்றவேண்டியிருக்கும்.

இணைந்தாயிற்று. இனிச் செலவுப் பக்கம். ரீலோட் போட்டு வாங்கிய டேட்டாவை, ஹொட்ஸ்பொட் கிடைத்த மகிழ்ச்சியில் விண்டோஸ் அப்டேட் ஒரே மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடக்கூடும். போன் வழியாகத்தான் நெட் வருகிறது என்பது லெப்டொப்புக்குத் தெரியாது; நாம்தான் சொல்லவேண்டும். விண்டோஸ் 10இல் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதைப் போட்டுவிட்டால், பெரிய இறக்கங்களை அது தள்ளிவைக்கும். லினக்ஸ் மின்ட் போன்ற பெரிய கோப்புகளை, பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் நள்ளிரவுக்குப் பின் இறக்கிக்கொள்ளலாம். புகையிரத நிலையத்திலோ கடையிலோ ஒரு தடவை இணைத்த பொது வைஃபைக்கு ‘தானாக இணை’ என்பதை எடுத்துவிடவேண்டும். அந்த இணைப்பை ‘பப்ளிக்’ என்று குறித்தால் கோப்புப் பகிர்வும் நின்றுவிடும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. லெப்டொப்பில் பற்றரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லை. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குவதால், அதற்கேற்ற சின்ன யூபிஎஸ் ஒன்று சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் உள்ள வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். இடி மின்னல் எச்சரிக்கைகளில் சப்ரகமுவ மாகாணத்தின் பெயர் அடிக்கடி வரும். பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டர், சார்ஜர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடவேண்டும். பிளக்கிலிருந்து விலகி, பற்றரியில் ஓடி, போன் ஹொட்ஸ்பொட்டில் இணைந்திருக்கும் லெப்டொப்புக்கு வயர் வழியாக மின்னல் வந்து சேராது.

இதெல்லாம் ஒரு வீட்டோடு முடியவேண்டிய காரியமும் அல்ல. 1999 வாக்கில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி நிலையத்துக்கு இணையம் வந்தபோது, நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் நெட்டில் தேடி வானொலியிலேயே பதில் சொன்னார்கள். ஒரே இணைப்பு, பள்ளத்தாக்கு முழுவதற்கும். 2006இல் அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமத்தில், ஹொரைசன் லங்கா அமைப்பின் முயற்சியில் வீட்டுக்கு வீடு கம்பியில்லா வலை பின்னப்பட்டது. மேலிருந்து வந்த பெரிய திட்டங்களும் உண்டு. 2016இல் கூகுளின் லூன் திட்டத்துச் சோதனை பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. 2021 ஜனவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் நடந்து மலையேறிய செய்தி 2021இல் உலகமெங்கும் வெளியானது. அதே காலத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற கிராமத் தொடர்புத் திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கியது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்தது. தோட்டச் சம்பளத்துக்கு அதன் கட்டணம் எட்டாது. கோபுரம் கட்டுவது அரசின், கம்பெனிகளின் வேலை. லயத்து வரிசைக்கு நடுவில், சிக்னல் எண் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரே ரவுட்டரை வைத்து, கட்டணத்தைப் பங்கிட்டு, நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாஸ்வேர்ட் கொடுப்பது தோட்டத்து மக்களே செய்துகொள்ளக்கூடியது. வாசிகசாலைக்கும் தோட்டத்து இளைஞர் கழகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன இருக்கிறது?

கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாட்டிலும் இருந்து ஊருக்குப் பழைய லெப்டொப் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் உங்கள் சொந்தக் கோப்புகளை முழுதாக அழித்துவிடுங்கள். ஆதரவு உள்ள இயங்குதளம் ஒன்றைப் போட்டு, ஒரு போனின் 2.4 கிகாஹேர்ட்ஸ் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, ஒரு பக்கத்தையாவது திறந்து பாருங்கள். சார்ஜரை மறக்காமல் வையுங்கள். வைஃபை சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த விசையை அமுக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள்.